தொண்டையை விரலால் படிப்பது எப்படி

“டீச்சர், உங்க குரல் எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க.”

குரல் பயிற்சிக்குப் போன முதல் நாள் அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கழுத்தின் அடியில், இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவே இருக்கும் குழியில் விரலை வைத்தேன். “அது மூச்சுக்குழல். மேல வாங்க” என்றார். மேலே போனேன். தாடைக்கு அடியில் மெத்தென்று இருந்த இடத்தில் நின்றேன். “இப்போ நாக்குக்கு அடியில நிக்கிறீங்க.” இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். அந்தக் குரலை வைத்துத்தான் சம்பாதித்திருக்கிறேன். அது குடியிருக்கும் இடம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு என்ன ஆகியிருந்தது என்றால், குரல் நாண்கள் இரண்டிலும் எதிரெதிரே சின்னத் தடிப்பு வந்திருந்தது. வேலை செய்கிற கையில் காய்ப்பு விழுவது போல. முதலில் பார்த்த மருத்துவர் “குரலுக்கு ஓய்வு கொடுங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். ஓய்வு என்றால் எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து நாள் கிசுகிசுத்தே பாடம் நடத்தினேன். அது ஓய்வே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. குரல் பயிற்சியாளர் மூன்று வாரம் எந்தப் பயிற்சியும் தராமல், தொண்டையை விரலாலும் கண்ணாடியாலும் படிக்க மட்டும் வைத்தார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்களுக்கு வேண்டியவை: ஒரு கைக்கண்ணாடி, ஒரு டார்ச், ஒரு தம்ளர் தண்ணீர், நகம் வெட்டிய விரல்கள். கால் மணி நேரம் போதும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் வேண்டாம், சிலருக்குக் குமட்டும். முக்கியமாக ஒன்று: கழுத்தின் நடுக்கோட்டில் மட்டும் வேலை செய்யுங்கள், லேசாகத் தொடுங்கள். பக்கவாட்டில் நாடித் துடிப்பு தெரியும் இடங்களை அழுத்தக் கூடாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தவே கூடாது. மூளைக்கு ரத்தம் போகும் பெரிய குழாய்கள் அங்கே இருக்கின்றன. ரத்த அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகளும் அங்கேதான். அமுக்கினால் சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம்.

விரல் இறங்கும் வழி

முகவாயைக் கொஞ்சம் தூக்கி நேராக உட்காருங்கள். ஆள்காட்டி விரலை முகவாய்க்கு அடியில் வைத்து, நடுக்கோட்டிலேயே கழுத்தை நோக்கி இழுத்து வாருங்கள். முதலில் வெறும் சதை. தாடையும் கழுத்தும் சேரும் மூலையில் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் நாவடி எலும்பு. லாட வடிவம். உடம்பில் இருக்கும் மற்ற எலும்புகள் ஒன்றோடொன்று மூட்டுப் போட்டிருக்க, இது மட்டும் எந்த எலும்போடும் சேராமல் தசைகளிலும் நார்களிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாக்கின் அடியும் குரல்வளையும் இதைப் பிடித்துக்கொண்டுதான் அசைகின்றன. இதன் பின்பக்கக் கொம்புகள் இரண்டில் ஒன்று சிலருக்குக் கூடுதலாகத் துருத்தும். “கட்டி” என்று பயந்து இரண்டு நாள் தூங்காமல் இருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அது நான்தான்.

அங்கிருந்து ஒரு விரற்கடை இறங்கினால் சிறு பள்ளம். அதற்குக் கீழே கவட்டை போல ஒரு பிளவும், பிளவின் அடியில் ஒரு முனையும் தெரியும். ஆண்களுக்குக் கண்ணாலேயே பார்க்கலாம். பெண்கள் தேடத்தான் வேண்டும். இதுதான் கேடயக் குருத்தெலும்பு. இரண்டு தகடுகள் முன்பக்கத்தில் சேர்ந்து ஒரு மூலையாகியிருக்கும். பாதி திறந்த புத்தகத்தின் முதுகு நம்மைப் பார்த்தபடி நிற்பது போல. ஆண்களுக்கு இந்தக் கோணம் ஏறத்தாழ 90 பாகை, பெண்களுக்கு 120 பாகை. செங்கோணம் துருத்தும், விரிகோணம் தட்டையாகும். கணக்கு டீச்சர் என்பதால் இதை மட்டும் நான் மறப்பதே இல்லை. என் மகனுக்கு இப்போது 14 வயது. ஆறு மாதமாக அவன் கழுத்தில் அந்தக் கோணம் குறுகுவதைச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். குரலும் அதோடு உடைந்து, கீழே இறங்கப் பார்த்து, நடுநடுவே கீச்சென்று ஏறிவிடுகிறது.

விரலை அந்த முனையில் வைத்து, வாயை மூடி “ம்ம்ம்” என்று முனகுங்கள். அதிர்கிறதா? முனைக்குச் சற்றுக் கீழே, குருத்தெலும்பின் உள்பக்கத்தில்தான் குரல் நாண்களின் முன் நுனிகள் ஒட்டியிருக்கின்றன. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு விடை இந்த இடம்.

இன்னும் கீழே இறங்குங்கள். கேடயம் முடிந்ததும் விரல் நுனி அளவுக்கு ஒரு மெல்லிய பள்ளம். அதற்கும் கீழே இன்னொரு கெட்டியான வளையம். அந்தப் பள்ளத்தில் தோலுக்கும் காற்றுப் பாதைக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வுதான் இருக்கிறது. மேலே பாதை முழுக்க அடைத்து வேறு வழியே இல்லாதபோது மருத்துவர்கள் இந்த இடத்தில்தான் திறந்து மூச்சு கொடுப்பார்கள். ஆகவே இங்கே அழுத்த வேண்டாம், விரலை வைத்தால் போதும். வைத்தபடியே தாழ்ந்த குரலில் “ஊ” என்று ஆரம்பித்து, சைரன் போல மேலே ஏற்றுங்கள். குரல்வளை கொஞ்சம் நகரும். விரலும் கூடவே போகட்டும். குரல் ஏற ஏறப் பள்ளம் இடுங்கும். கேடயமும் கீழ் வளையமும் முன்பக்கத்தில் நெருங்கும்போது உள்ளே நாண்கள் இழுபட்டு நீளுகின்றன, விறைக்கின்றன, சுருதி ஏறுகிறது. நான் இதை முதன்முதலில் உணர்ந்த அன்று வீட்டில் அரை மணி நேரம் சைரன் ஊதிக்கொண்டிருந்தேன். மகன் கதவைச் சாத்திக்கொண்டான்.

கீழே இருப்பது வளையக் குருத்தெலும்பு. முத்திரை மோதிரம் போல முன்பக்கம் ஒல்லி, பின்பக்கம் அகலம். மூச்சுப் பாதை முழுவதிலும் முழு வட்டமாக இருக்கும் குருத்தெலும்பு இது ஒன்றுதான். அதன் பின்பக்க விளிம்பில் இரண்டு குட்டிக் குருத்தெலும்புகள் உட்கார்ந்து, நாண்களின் பின் நுனிகளைப் பிடித்துக்கொண்டு திறந்து மூடுகின்றன. அவை வெளியிலிருந்து விரலுக்கு எட்டாது. இதற்குக் கீழே மூச்சுக்குழலின் வளையங்கள். 16 முதல் 20 வரை இருக்கும். எல்லாமே பின்பக்கம் திறந்தவை. திறந்த பக்கத்தை ஒட்டி உணவுக்குழல் இறங்குகிறது. கவளம் இறங்கும்போது விரிய அதற்கு இடம் வேண்டாமா?

தைராய்டு சுரப்பி மேல்பக்க வளையங்களின் முன்னால் வண்ணத்துப்பூச்சி போலப் படுத்திருக்கும். வீங்காத சுரப்பி விரலுக்குப் பெரும்பாலும் தெரியாது. தைராய்டு என்பதற்கும் கேடயம் போன்றது என்றுதான் பொருள். குருத்தெலும்புக்கும் சுரப்பிக்கும் ஒரே பெயர் வைத்துக் குழப்பிவிட்டார்கள்.

குரல்வளையை இரு விரலால் மெல்லப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ‘கடக் கடக்’ என்று ஏதோ உரசும். பின்னால் இருக்கும் கழுத்து எலும்பின் மேல் அது உரசுகிறது, அவ்வளவுதான். இயல்பானது.

ஒரு மிடறு தண்ணீர்

மிடறு என்றாலே தொண்டை என்று பொருள் உண்டு. அது ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளும் அளவுக்கும் அதே பெயர். இப்போது ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, விரலைக் கேடயத்தின் முனையில் வைத்து விழுங்குங்கள். முனை விரலைத் தாண்டி மேலே ஓடி, முன்னால் சாய்ந்து, திரும்பவும் இறங்கும். ஏறத்தாழ 2 செ.மீ. பயணம். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

ஏன் இந்த ஓட்டம்? கண்ணாடியில் உங்களைப் பக்கவாட்டில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு மேலே, வாய் கீழே. காற்று மூக்கின் வழியாக வந்து தொண்டையின் பின்பக்கம் இறங்குகிறது. ஆனால் அது போக வேண்டிய மூச்சுக்குழல் முன்பக்கம் இருக்கிறது. உணவு வாய் வழியாக முன்பக்கம் வருகிறது. அது போக வேண்டிய உணவுக்குழல் பின்பக்கம். ஆக இரண்டு பாதையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும். அந்தச் சந்திப்புதான் தொண்டை. மண்டை ஓட்டின் அடியிலிருந்து ஆறாவது கழுத்து எலும்பு வரை, சுமார் 12 செ.மீ. நீளமுள்ள ஒரு தசைக் கூடு. மூக்குக்குப் பின்னால் ஒரு பகுதி, வாய்க்குப் பின்னால் ஒன்று, குரல்வளைக்குப் பின்னால் ஒன்று. பெயர்களை விடுங்கள். நாற்சந்தியில் சிக்னல் எப்படி விழுகிறது என்பதுதான் விஷயம்.

நாக்கு கவளத்தைப் பின்னால் தள்ளுகிறது. அதுவரைதான் நம் விருப்பம்; அதற்கப்புறம் நம்மால் நிறுத்த முடியாது. மெல்லண்ணம் மேலே எழுந்து மூக்குப் பக்கத்தை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. நாவடி எலும்பும் குரல்வளையும் மேலேயும் முன்னேயும் ஓடி நாக்கின் அடியில் ஒளிந்துகொள்கின்றன. உள்ளே குரல் நாண்கள் மூடுகின்றன, அவற்றுக்கு மேலே இருக்கும் பொய் நாண்களும் நெருங்குகின்றன, அதற்கும் மேலே குரல்வளை மூடி பின்னால் கவிழ்கிறது. மூன்று அடுக்குப் பூட்டு. பள்ளிப் பாடத்தில் மூடியை மட்டும்தான் சொல்லிக் கொடுக்கிறோம். அது ஏதோ தானாகவே ‘டப்’ என்று மூடும் டப்பா மூடி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். குரல்வளை மேலே ஓடுவதும் நாக்கு பின்னால் தள்ளுவதும்தான் அதைக் கவிழ்க்கின்றன. கவளம் பெரும்பாலும் அந்த மூடியின் இரண்டு பக்கமும் பிரிந்து, பேரிக்காய் வடிவப் பள்ளங்கள் வழியாக இறங்கிப் பின்னால் சேர்கிறது. அங்கே, எப்போதும் இறுகியே இருக்கும் உணவுக்குழலின் வாய் ஒரு கணம் தளர்ந்து வழிவிட்டுத் திரும்பவும் மூடிக்கொள்கிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். விழுங்கும் அதே நொடியில் மூச்சு இழுக்கப் பாருங்கள். முடியாது. பிறகு கண்ணாடியை மூக்குக்கு அடியில் பிடித்து, இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டே எச்சில் விழுங்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு விழுங்கி முடித்ததும் முதலில் கண்ணாடியில் ஆவி படரும். அதாவது முதலில் வெளியே விடும் மூச்சு. வாசலில் ஏதாவது துளி ஒட்டியிருந்தால் ஊதித் தள்ளிவிட்டு, அப்புறம்தான் உள்ளே இழுப்பது. வாயில் தண்ணீரோடு சிரித்தால் புரையேறுவது ஏன் என்று இப்போது புரியும். சிரிப்புக்கு நடுவே சட்டென்று மூச்சை இழுக்கிறோம். சிக்னல் பச்சையில் இருக்கும்போது தவறான வண்டி நுழைந்துவிடுகிறது.

இன்னொன்று. ஆள்காட்டி விரல்களால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு விழுங்குங்கள். ‘டிக்’ என்று ஒலி கேட்கும். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத் தொண்டைக்கு ஒரு குழாய் இறங்குகிறது, சுமார் மூன்றரை செ.மீ. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மெல்லண்ணத்துத் தசைகள் அதை இழுத்துத் திறக்கின்றன. விமானம் இறங்கும்போது எச்சில் விழுங்கச் சொல்வது இதற்காகத்தான். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டாகவும் இருப்பதால் சளி பிடித்தால் காது வலியும் வந்துவிடுகிறது.

டார்ச்சும் கண்ணாடியும்

வாயை அகலத் திறந்து, நாக்கை வெளியே நீட்டாமல் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் தளர விடுங்கள். நீட்டினால் சிலருக்கு அடிநாக்கு மேலெழுந்து மறைத்துவிடும். டார்ச்சை அடித்து, கொட்டாவி விடுவது போல “ஆ” சொல்லுங்கள். மெல்லண்ணம் திரை போல மேலேறும். நடுவில் உள்நாக்கு தொங்கும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வளைவுகள். முன் வளைவுக்கும் பின் வளைவுக்கும் நடுவில் இருக்கும் சதைதான் டான்சில். பெரியவர்களுக்குச் சுருங்கி ஒளிந்திருக்கலாம். அதன் மேல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அவற்றில் சில சமயம் வெள்ளையாக, நாற்றமடிக்கும் துணுக்குகள் சேரும். சீழ் என்று நினைக்க வேண்டாம்; காய்ச்சலும் வலியும் இல்லையென்றால் பெரும்பாலும் அது சேர்ந்துபோன கழிவுதான். ஊக்கால் நோண்டவே கூடாது. கொப்பளித்தால் போதும்.

நேர் எதிரே தெரிவது தொண்டையின் பின்சுவர். அதில் ஆங்காங்கே இளஞ்சிவப்புப் புடைப்புகள் இருந்தால், அவையும் டான்சில் வகைத் திசுதான். நாக்கின் பின்கோடியில் எட்டு முதல் பன்னிரண்டு பெரிய மொட்டுகள் வரிசையாக நிற்கும். இவற்றைப் பார்த்துப் புற்றுநோய் என்று பயந்து ஓடுபவர்கள் உண்டு. அவை சுவை மொட்டுகள் குடியிருக்கும் இயல்பான மேடுகள். எல்லோருக்கும் உண்டு.

“ஆ” சொல்லும்போது உள்நாக்கு நேராக மேலே போகிறதா என்று மருத்துவர் பார்ப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பக்க நரம்பு தளர்ந்திருந்தால் நல்ல பக்கத்துத் தசை மட்டும் இழுக்க, உள்நாக்கு அந்தப் பக்கம் கோணும். பிறவியிலேயே கொஞ்சம் கோணலாக இருப்பவர்களும் உண்டு. அசையும்போது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான் கணக்கு.

இந்தக் கண்ணாடியில் குரல் நாண்கள் தெரியாது. அடிநாக்கைத் தாண்டி, வளைந்து கீழே பார்க்க வேண்டும். 1854-இல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைச் சூடாக்கித் துடைத்துத் தொண்டையின் பின்பக்கம் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை அதன் மேல் திருப்பி, தன் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். மருத்துவர் இல்லை, வாத்தியார்! நீங்கள் முயல வேண்டாம், வாந்திதான் மிஞ்சும்.

குரல் எப்படி வருகிறது

விரலைத் திரும்ப முனையில் வையுங்கள். “ஸ்ஸ்ஸ்” சொல்லுங்கள். அதிர்வு இல்லை. “ம்ம்ம்” சொல்லுங்கள். அதிர்வு உண்டு. இப்போது “கல்” என்று சொல்லி, அப்புறம் “தங்கம்” என்று சொல்லுங்கள். முதல் சொல்லில் ‘க’ தொடங்கும் நொடியில் நாண்கள் சும்மா இருக்கின்றன. இரண்டாவதில் ‘க’ வரும்போதும் அதிர்வு அறுவதில்லை. ஒரே எழுத்து, இரண்டு ஒலி. எழுத்து காட்டாத வித்தியாசத்தை விரல் காட்டிவிடுகிறது.

“ம்ம்ம்” சொல்லிக்கொண்டே மூக்கைப் பிடியுங்கள். ஒலி சட்டென்று நிற்கும். “ஆ” சொல்லிக்கொண்டு பிடித்தால் நிற்காது. மெல்லண்ணம் ஒன்றில் இறங்கி மூக்கைத் திறக்கிறது, மற்றதில் ஏறி அடைக்கிறது. “ஆ”வுக்கும் மூக்கைப் பிடித்ததும் குரல் மாறினால் காற்று மூக்குப் பக்கம் கசிகிறது என்று அர்த்தம்.

நாண்கள் என்றதும் வீணைக் கம்பி போல நினைக்காதீர்கள். இரண்டு ஈரமான மடிப்புகள்; பெண்களுக்கு ஒன்றரை செ.மீ. அளவு, ஆண்களுக்கு 2 செ.மீ.-ஐ ஒட்டி. மூச்சு விடும்போது திறந்திருக்கும். பேச நினைத்ததும் நெருங்கி நிற்கும். கீழிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது. அவை தம் விறைப்பாலும் காற்றோட்டத்தின் இழுப்பாலும் திரும்ப ஒட்டுகின்றன. பெண் குரலில் இது நொடிக்கு ஏறத்தாழ 200 தடவை, ஆண் குரலில் 100-ஐத் தாண்டிக் கொஞ்சம். ஒரு வகுப்பில் 20 நிமிடம் நான் வாய் மூடாமல் பேசினால் 200-ஐ 60-ஆலும் 20-ஆலும் பெருக்குங்கள்: 2,40,000 தடவை இரண்டு மடிப்பும் கைதட்டிக்கொள்கின்றன. கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்தினால் அடி பலமாகிறது, எண்ணிக்கையும் ஏறுகிறது. அடி அதிகம் விழும் இடம் நாண்களின் முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு முடியும் இடம். எனக்குக் காய்ப்பு விழுந்திருந்ததும் சரியாக அங்கேதான், இரண்டு பக்கமும்.

கிசுகிசுப்பில் அதிர்வு கிடையாது. ஆனால் பலர், என்னைப் போல, எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று கழுத்தை இறுக்கிக் கிசுகிசுப்போம். மெதுவான இயல்புக் குரலே மேல். செருமுவது இன்னும் மோசம். விரலை வைத்துக்கொண்டு ஒரு தடவை செருமிப் பாருங்கள், உள்ளே மடிப்புகள் எப்படி அறைந்துகொள்கின்றன என்று தெரியும். நான் ஒரு நாளில் எத்தனை தடவை செருமுகிறேன் என்று எண்ணச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் 60-ஐத் தாண்டியது. இப்போது அந்த அரிப்பு வந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பேன், அல்லது மெல்ல ஒரு “ம்ம்”.

தண்ணீர் குடித்தால் நாண்கள் நனையும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். நனைந்தால் இருமி இருமிச் சாவோம். தண்ணீர் பின்வாசலில் போகிறது. உடம்பில் ஊறி, அங்கிருந்து சளிப்படலம் வழியாகத்தான் நாண்களுக்கு ஈரம் வருகிறது. அதனால் வகுப்புக்கு முன்னால் கடகடவென்று குடிப்பதைவிட நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது. நீராவி மட்டும் காற்றோடு நேரே அங்கே போகும்.

பயிற்சியில் எனக்கு மிகவும் கைகொடுத்தது ஸ்ட்ரா. தம்ளரில் பாதித் தண்ணீர், அதில் ஸ்ட்ரா இரண்டு விரற்கடை முழுக, குமிழி விட்டபடி “ஊ” என்று முனகுவது. தண்ணீர் எதிர்த்துத் தள்ளும் அழுத்தத்தில் நாண்கள் பலமாக மோதாமலே அதிர்கின்றன. காலையில் ஐந்து நிமிடம், கடைசி வகுப்புக்குப் பிறகு ஐந்து நிமிடம்.

காவல் வேலை

குரல் என்பது குரல்வளையின் உபதொழில். இதை நான் நம்பாமல் இருந்தபோது அந்த அம்மா என்னைச் சுவரைத் தள்ளச் சொன்னார். நீங்களும் செய்யுங்கள். இரண்டு கையாலும் சுவரை முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டே “ஆ” என்று நீட்டிச் சொல்லப் பாருங்கள். குரல் நெரியும், அல்லது ‘க்’ என்று நின்றுவிடும். பாரம் தூக்கும்போதும், முக்கும்போதும் நாண்கள் இறுக மூடி மார்புக்குள் காற்றைப் பூட்டுகின்றன. இருமலும் அப்படித்தான்: மூடு, அழுத்தம் ஏற்று, படாரென்று திற.

பூட்டு தவறி ஏதாவது சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதைத் தொண்டையைப் படிக்கும் எவரும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆள் பலமாக இருமுகிறார், பேசுகிறார் என்றால் தொடாதீர்கள்; இருமலே நல்ல மருந்து. பேச முடியவில்லை, இருமலில் சத்தம் வரவில்லை, கை கழுத்தைப் பிடிக்கிறது என்றால் உதவிக்கு ஆள் கூப்பிடச் சொல்லிவிட்டு, அவரை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தடவை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லையா, பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, மறு கையால் பற்றி, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து தடவை அழுத்தி இழுங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணிக்கு வயிற்றில் வேண்டாம், நெஞ்சு எலும்பின் நடுவில். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் வயிற்றை அழுத்தக் கூடாது. கையில் தலைகீழாகச் சாய்த்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பிப் போட்டு நெஞ்சில் ஐந்து அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். மயங்கிவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

எப்போது விரலை எடுத்துவிட்டு மருத்துவரிடம் போவது

சளியோ காய்ச்சலோ வந்து குரல் கட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே திறக்கும். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் நாண்களைப் பார்த்தே ஆக வேண்டும். நான் ஐந்து மாதம் கழித்துப் போனேன், அப்படிச் செய்யாதீர்கள். புகை பிடிப்பவர்கள் ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது. விழுங்கும்போது தடை, கழுத்தில் கரையாத கட்டி, எச்சிலில் ரத்தம், ஒரு பக்கம் மட்டும் பெருத்த டான்சில், காதில் கோளாறு இல்லாமலே ஒரு பக்கக் காதுவலி, இவையும் அப்படியே. தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்புகள் உண்டு. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவதும் அந்த உறவால்தான்.

குரலை இயக்கும் நரம்பின் கதையும் விசித்திரம். அது மூளையிலிருந்து நேரே குரல்வளைக்கு வராது. இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் மேலே ஏறுகிறது. அதனால் நெஞ்சுக்குள் ஏதாவது கோளாறு என்றால்கூடக் குரல் கட்டலாம்.

மூச்சு இழுக்கும்போது விசில் போலச் சத்தம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிவது, வாய் திறக்க முடியாத அளவு தொண்டை வலி, இவற்றுக்கு மறுநாள் காலை என்று காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவு.

மருத்துவர் பார்ப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. மூக்கில் மரத்துப்போகும் மருந்து அடித்து, ஒல்லியான வளையும் குழாயை விடுவார்கள். “ஈ” சொல்லச் சொல்வார்கள். “ஈ”க்கு நாக்கு முன்னால் வரும், கூடவே குரல்வளை மூடியும் விலகும், நாண்கள் நன்றாகத் தெரியும். மூக்கை உறிஞ்சச் சொல்வார்கள். அப்போது நாண்கள் அகல விரியும். நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு நான் இரண்டாவது தடவை போனபோது திரையில் இரண்டு வெள்ளை மடிப்புகள் தெரிந்தன. இடப்பக்கத் தடிப்பு போயே போய்விட்டது, வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பேரிக்காய்ப் பள்ளம், இந்தப் பொய் நாண், பின்னால் அந்தக் குட்டிக் குருத்தெலும்பு என்று திரையைக் காட்டிக் காட்டிப் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

“டீச்சர், குழாய் உள்ள இருக்கு” என்றார் மருத்துவர். “ரெண்டு நிமிஷம் பாடம் நடத்தாம இருங்க.”